கடைசி சீட்டில் ஒப்புக்கொடுத்தது

"கீழ விழுந்துட்டீங்களா, டீச்சர்?"

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான். குளியலறையில் வழுக்கிவிட்டேன் என்றோ மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டது என்றோ சொல்லியிருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இல்லைங்க, கார்ல உக்காந்திருந்தேன்" என்று உண்மையைச் சொன்னால் முகம் மாறிவிடும். காரில் உட்கார்ந்து யாருக்காவது முதுகு போகுமா, இவள் எதையோ மறைக்கிறாள் என்கிற பார்வை.

போகும். எனக்குப் போயிற்று. கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். அது தணிகிற வழியைக் காணோம். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துப் பத்து பாகாட் ஊரில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. கணவர் அந்தோணி வாரம் முழுவதும் சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவார். அவருடைய அண்ணன் சூசையை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி மேரி அக்கா. பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் அவர்கள் வீடு. நல்லது கெட்டது எதுவானாலும் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான்.

ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் பெரியத்தானின் ஏழு பேர் வண்டியில் போவோம். ஜோகூரிலிருந்து பினாங்குப் பக்கம் என்றால் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிற மாதிரிதான். முன்சீட்டு என் கணவருக்கு, ஏனென்றால் அவர் டிரைவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டும். நடுவரிசை மேரி அக்காவுக்கும் அவருடைய இரண்டு பையன்களுக்கும், ஏனென்றால் பையன்களுக்குக் கால் நீளம். கடைசி வரிசை எனக்கு. அதற்கும் எல்லாரும் சொல்கிற ஒரு காரணம் இருந்தது.

"நீ ஒல்லியாத்தான இருக்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க லா."

அந்தக் கடைசி வரிசை மனிதர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. சீட்டு தரையோடு தரையாக இருக்கும். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். காலடியில் ஐஸ் பெட்டி, மடியில் சம்பல் டப்பா, தோளில் சாய்ந்துகொண்டு நாலு தலையணை. முதல் சில வருடங்கள் பிள்ளை வரம் கேட்டுத்தான் அன்னம்மாளிடம் போனேன். வரம் கேட்கப் போகிறவள் சீட் கேட்பாளா? பிறகு வரம் கேட்பது நின்றுபோயிற்று. சீட் மட்டும் அதேதான்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. பெரியத்தான் வழியில் வண்டியை நிறுத்தமாட்டார். "யோங் பெங் டோல்ல ஏறுனா, புக்கிட் மெர்தாஜாம் டோல்லதான் பிரேக்கு" என்பது அவருடைய பெருமை. கோயில் வாசலில் போவோர் வருவோரிடமெல்லாம் இதைச் சொல்வார். ஆண்களுக்கு அவசரம் என்றால் மட்டும் ஹைவே ஓரத்தில் ஒதுக்குவார். அவர்களுக்கு ஒரு புதர் போதும். பெண்களுக்கு? ஓய்வு நிறுத்தத்தில் திருப்ப வேண்டும், கழிவறை வரிசையில் நிற்க வேண்டும், நேரம் போய்விடும். ஆகவே நாங்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டோம். யாரும் எங்களிடம் குடிக்காதே என்று சொன்னதில்லை. சொல்லாமலே செய்கிற வேலைகளில் அதுவும் ஒன்று.

எனக்கு முதுகு போன வருடம், ஈப்போ தாண்டும்போதே இடுப்பு வலித்தது. முன்னால் இருந்த மேரி அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னம்மாளுக்கு ஒப்புக்குடு, ஸ்டெல்லா. சரியாப் போயிடும்."

எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். பல்வலியா, ஒப்புக்கொடு. மாமியார் திட்டினாளா, ஒப்புக்கொடு. வலியைக் காணிக்கையாக மேலே அனுப்பிவிட்டால் கீழே நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நானும் ஒப்புக்கொடுத்தேன்.

கோயில் பக்கத்து விடுதியில் போய் இறங்கினோம். இறங்கிய கையோடு ஐஸ் பெட்டியைத் தூக்கினேன். பையன்கள் போனில் இருந்தார்கள். இடுப்புக்குள் ஏதோ சொடுக்கென்றது. அங்கேயே பெட்டியைப் போட்டுவிட்டு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் மெழுகுவர்த்திப் பவனியில் ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தேன். மறுநாள் அதே கடைசி சீட்டில் வீடு திரும்பினேன். தைலம் தேய்த்தார்கள். காற்றுப் பிடிப்பு என்றார்கள். என் கணவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, மனசே இல்லாமல் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினார்.

மறுநாள் பெரியத்தான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேலையை விட்டுவிட்டு வந்தார். ஆனால் டாக்டரின் அறைக்குள்ளும் கூடவே வந்து என் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி மலாயில் கேட்டார்: சிறுநீர், மலம் எல்லாம் ஓகேயா?

அன்று காலை கழிவறையில் எனக்கு ஒரு விநோதம் நேர்ந்திருந்தது. துடைத்தபோது வேறொருத்தியின் உடம்பைத் தொடுவதுபோல இருந்தது. சிறுநீரும் சரியாகப் போகவில்லை. இதைக் கணவரின் அண்ணனை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? தமிழில் அந்த இடத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயரே "அந்த எடம்" என்பதுதான்.

"ஓகே, டாக்டர்," என்றேன்.

தசைப்பிடிப்பு என்றார். ஒரு ஊசி போட்டு, வலி மாத்திரையும் லீவுக்கு எம்.சி.யும் கொடுத்து அனுப்பினார். அவரிடம் எனக்கு இன்றைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பெண்ணிடம் அதைக் கேட்கும்போது, கூட நிற்கிற ஆம்பளையை ஒரு நிமிடம் வெளியே அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

சாயங்காலம் மேரி அக்கா கோழி சூப்போடு வந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன்: "அக்கா, ஒண்ணுக்கே வரமாட்டேங்குது."

"அது தண்ணி குடிக்காததால. பயணம் போயிட்டு வந்தா எனக்கும் ரெண்டு நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும். பார்லி காய்ச்சித் தர்றேன், குடி."

பாருங்கள் கூத்தை. எங்கள் இரண்டு பேருக்கும் அது புதிதாகவே தெரியவில்லை. வருடா வருடம் தாகத்தோடு போய்த் தாகத்தோடு வருகிற எங்களுக்கு, சிறுநீர் வராமல் இருப்பது பயணத்தின் ஒரு பகுதி. வேறு எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் பயந்துபோய் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். நான் படுக்கையில் இருந்துகொண்டு குடம் குடமாகப் பார்லித் தண்ணீர் குடித்தேன்.

அது எங்கே போகும்? உள்ளே நிரம்பிக்கொண்டே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. மறுநாள் எழுந்து நின்றபோது காலோடு வழிந்தது. வழிந்ததும் எனக்குத் தெரியவில்லை. தரை ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கணவருக்குப் போன் செய்தேன். அழுகையில் வார்த்தை வரவில்லை. "ஒண்ணும் சொல்லாத, நான் வர்றேன்," என்று மட்டும் சொன்னார். வேலை உடுப்போடு எல்லை தாண்டி வந்து, என்னை எங்கள் சின்னக் காரில் படுக்கவைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு சீன டாக்டரம்மா. என் கணவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். அந்தத் திரை வளையங்கள் கம்பியில் ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பஞ்சாலும் மழுங்கிய ஊசியாலும் தொடையின் உள்பக்கம் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்றார். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எந்த இடம் படுமோ, அந்த இடம் முழுக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்புறம் விரல் வைத்துத் தசையை இறுக்கச் சொன்னார். இறுக்கினேன் என்று நினைத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். சிறுநீர்ப்பை வெடிக்கிற அளவுக்கு நிறைந்திருந்தது. குழாய் போட்டார்கள். பை நிரம்பியது, மாற்றினார்கள், மறுபடியும் நிரம்பியது.

"ஏன் முன்னாடியே வரல?" என்று மலாயில் கேட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. வெளியே நார், உள்ளே ஜெல்லி. கூனிக்குறுகி நெடுநேரம் உட்கார்ந்தால் அந்த ஜெல்லி பின்பக்கமாகத் தள்ளப்படும், பிடித்து நிற்கிற நார்களும் தளர்ந்துபோகும். தளர்ந்த நேரத்தில் குனிந்து கனம் தூக்கினால் பிதுங்கி வெளியே வந்துவிடும். இடுப்புக்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரையின் வால் மாதிரி இருப்பதால் டாக்டர்களும் அதற்குக் குதிரைவால் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். காலுக்கும், சிறுநீருக்கும், மலத்துக்கும், தாம்பத்தியத்துக்கும் போகிற நரம்புகள் எல்லாம் அதில்தான். என்னுடைய வட்டு பிதுங்கி அந்தக் கொத்தையே நசுக்கிக்கொண்டிருந்தது. உடனே அறுவை செய்து எடுக்க வேண்டும். தாமதித்த ஒவ்வொரு மணி நேரமும் நரம்புக்கு நஷ்டம்.

நான் பார்லித் தண்ணீர் குடித்த நேரமெல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆம்புலன்ஸில் ஜோகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். முதுகுக்குக் கீழே பலகை, பக்கத்தில் மடித்த துணி. ஆயர் ஹீத்தாம் தாண்டும்போது, கூட வந்த மலாய்க்காரத் தம்பி குனிந்து, "அக்கா, வசதியா இருக்கா?" என்று அவர் மொழியில் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி என்று நினைத்துப் பதறிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிற வண்டியில் என்னை யாரும் கேட்டிராத கேள்வி அது.

ஜோகூர் பாருவில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். காந்தத்தால் உள்ளே படம் பிடிக்கிற குகை அது. வலி ஒன்றும் கிடையாது, ஆனால் தலைக்குள் தச்சு வேலை நடப்பதுபோல் சத்தம். படத்தைப் பார்த்த அறுவை மருத்துவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். கால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். சிறுநீர் பற்றி வாக்குக் கொடுக்க முடியாது என்றார். என் கணவர் கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் கூரையைப் பார்த்து அன்னம்மாளிடம் சண்டை போட்டேன். நான் வலியைத்தானே ஒப்புக்கொடுத்தேன், அம்மா? இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேனா?

அறுவை முடிந்தது. கால் உயிர்த்தது. கட்டைவிரலை அசைத்தபோது என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார். என்னால் குனிய முடியாதென்று, கட்டிலோரத்தில் வாளியை வைத்து என் தலையை அலசிவிட்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை. வார்டில் எதிர்ப்படுக்கை மலாய் அம்மாள், "நல்ல புருசன்," என்று கண்ணடித்தார். நல்ல புருசன்தான். முன்சீட்டில் உட்கார்ந்து வந்த நல்ல புருசன்.

சில நாட்கள் கழித்து, சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, தானாகப் போகிறதா பார்ப்போம் என்றார்கள். அந்தக் காத்திருப்பு அறுவையைவிடக் கொடுமை. கழிவறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மறுபடி சிறுநீர்க் குழாயைப் போட்டார்கள். தாதிகள் தைரியம் சொன்னார்கள். நான் போர்வையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பெரியத்தான் வாரத்தில் இரண்டு மூன்று தடவை அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்ப்பார், சட்டென்று காற்றாடியைப் பார்ப்பார். ஒருநாள் மெல்லச் சொன்னார்.

"சீட்டு நல்ல சீட்டுதான் மா. ஒரிஜினல் சீட்டு. ஒனக்கு எலும்பு வீக்கா இருந்திருக்கும்."

எழுந்து உட்கார முடிந்திருந்தால் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பேனோ. அவர் ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அதைத் தோல் சீவி, துண்டு போட்டு, தட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆப்பிளைத் தின்றபடியே அவரைத் திட்டினேன்.

மேரி அக்கா தனியாக வந்த நாளில்தான் அது வெளியே வந்தது. சூப்பை ஊற்றிக்கொடுத்துவிட்டு, கட்டிலில் தொங்கிய பையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒன்னய பார்லி குடின்னு சொன்ன பாவி நான்தான்."

"விடுங்க அக்கா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியணும் லா. ரெண்டாவது பையன் பொறந்ததுலேர்ந்து எனக்கு அடக்க முடியாது. அன்னம்மா கோயிலுக்கு நான் பேட் வச்சிக்கிட்டுத்தான் வர்றேன், ஸ்டெல்லா. வருசா வருசம். நனைஞ்சிதான் வந்து எறங்குவேன். அதத்தான் ஒப்புக்குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"பெரியத்தானுக்குத் தெரியாதா?"

"அவருக்கு என்னா தெரியும்? நான்தான் பேசாம வர்றனே."

நடுவரிசைக்காரி சுகமாக வருகிறாள் என்று எத்தனை வருடம் மனதுக்குள் புகைந்திருப்பேன். எனக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் இவர் நனைந்துகொண்டு வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லாமல், சேர்த்து அன்னம்மாளிடம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இரண்டாவது தடவை குழாயை எடுத்தபோது சிறுநீர் போயிற்று. போகிறது என்பது தெரியாமல், சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வயிற்றை அழுத்தியும் முன்னால் சாய்ந்தும் காலி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் முட்டுகிற உணர்வு திரும்பவில்லை. இனி திரும்பினால் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும். வந்தால் போவது என்பது என் வாழ்க்கையில் முடிந்துபோயிற்று.

பிசியோதெரபிப் பிரிவில் ஒரு பெண், காரில் எப்படி உட்கார்வது என்று நாற்காலியை வைத்துக் காட்டினார். இதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லித்தருவதில்லை? இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது. புட்டத்தைச் சீட்டின் மூலைவரை ஒட்டிவைத்து, இடுப்பு வளைவில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டிவைக்க வேண்டும். சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கலாம், படுக்கிற மாதிரி வேண்டாம். ஆண்கள் பின்பையில் பர்ஸை வைத்துக்கொண்டு கோணலாக உட்காரக் கூடாது. ஏறும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். வலிக்கிறவரை காத்திருக்காமல் முன்னாலேயே நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். இறங்கிய கையோடு எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும். கடைசி இரண்டையும் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். முதுகுவலியோடு "அந்த எடம்" மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமலோ தெரியாமலோ போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைலம் வேண்டாம், பார்லி வேண்டாம். யார் பக்கத்தில் நின்றாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அவரை வெளியே போகச் சொல்லுங்கள்.

மறுவருடம் ஜூலையில் பயணம் போக டாக்டர் அனுமதி கொடுத்தார். கால் திரும்பியதற்கு நன்றி சொல்லவும், மற்றதற்குக் கணக்குக் கேட்கவும் நான் போகத்தான் வேண்டும் என்றேன். முன்சீட்டு எனக்கு. ஒவ்வொரு ஓய்வு நிறுத்தத்திலும் வண்டி நிற்க வேண்டும். பெரியத்தான், "சரி மா, சரி மா," என்று தலையாட்டினார். கடைசி சீட்டுக்கு என் கணவர் போனார். யோங் பெங் டோல் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, இது மனுசன் உக்கார்ற எடமா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பைத் திருகித் திரும்பக் கூடாது என்று எனக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் ஓய்வு நிறுத்தத்தின் பலகை வந்தது. வண்டி அதே வேகத்தில் போனது. பலகை போயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தின் பலகை வந்தபோது சொன்னேன்.

"பெரியத்தான், நிறுத்துங்க."

"இப்பத்தான மா கெளம்புனோம். ரொம்ப அவசரமா?"

"எனக்கு அவசரமே வராது பெரியத்தான். அந்த நரம்பு செத்துப்போச்சு. இனிமே எப்பவுமே வராது. அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கை ஒருமுறை நகர்ந்து மறுபடி பிடித்தது. பிறகு சிக்னல் விளக்கின் டிக் டிக் சத்தம் கேட்டது. அவருடைய வண்டியில் ஓய்வு நிறுத்தத்துக்கு முன்னால் அந்தச் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வண்டி நிற்பதற்குள் நடுக்கதவு திறந்துவிட்டது. மேரி அக்கா ஒரு செருப்பைக் காலிலும் ஒன்றைக் கையிலுமாகக் கழிவறைப் பக்கம் ஓடினார். பெரியத்தான் ஸ்டியரிங்கில் இருந்தபடியே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு எப்பேர்ந்து இப்பிடி?" என்று என்னைக் கேட்டார்.

"அக்காவையே கேளுங்க."

நாங்கள் இரண்டு பேரும் கழிவறையிலிருந்து திரும்பி வந்தபோது அவர் வண்டிக்கு வெளியே சாவியை உருட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேரி அக்கா கடையில் வாங்கிவந்த பெரிய தண்ணீர் போத்தலைத் திறந்து, அவர் முன்னாலேயே நின்று, பாதியில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, அடிவரைக்கும் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.